முறுக்கின் பாறணை

நவம்பர் 5, ஞாயிறு

இந்தக் கொப்பி என்னுடையது இல்லை, மிதுவினுடையது. முன்பக்கம் முழுக்க அவனுடைய இங்கிலிஷ் எழுத்து. பாம்பு எந்தத் திகதியில் என்ன தின்றது, எத்தனை கிராம் நிறை, எப்போது தோல் கழற்றியது என்று மூன்று வருஷத்துக் குறிப்பு. இன்று அதை என் கையில் தந்து, "இனி நீங்கள்தான் எழுதோணும் அம்மா" என்றான். நான் பின்பக்கத்திலிருந்து தமிழில் தொடங்குகிறேன். யார் வாசிக்கப்போகிறார்கள்? நானும் பாம்பும்தான்.

பாம்பின் பெயர் முறுக்கு. கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்டு, சுருண்டு படுத்தால் தட்டில் வைத்த முறுக்கேதான். கிங் ஸ்னேக் என்ற சாதி, விஷமில்லை. மிது அதைக் கொண்டுவந்த நாள் என் மனுசன், பரமலிங்கம் என்ற பெரிய வீரர், கிங் என்ற சொல்லைக் கேட்டு ராஜநாகமாக்கும் என்று கதிரைக்கு மேல் ஏறி நின்றார். நான் சத்தம் போட்டேன். ஸ்காபரோவில் எத்தனை தமிழ் வீடு இருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளை பாம்பு வளர்க்கிறான் என்று. ஒரு கிழமை பேசாமல் இருந்தேன். பிறகு தண்ணிக் கிண்ணம் கழுவத் தொடங்கினேன். அவ்வளவுதான் என் ரோஷம்.

மிதுஷனுக்கு இருபத்துமூன்று வயது. இரத்தப் புற்றுநோய் இரண்டாம் தரமும் வந்துவிட்டது. இருபதாம் திகதி டவுன்டவுன் ஆஸ்பத்திரியில் மறிக்கிறார்கள். என் மனுசனுடைய எலும்பு மச்சையை எடுத்து அவனுக்கு ஏற்றப்போகிறார்கள். இதுவும் சரிவராவிட்டால் வேறொன்றும் இல்லை என்று டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாம்பைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். அதனால் இன்று மிது மாஸ்க் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றபடி எனக்குப் பாடம் எடுத்தான்.

"குளிருக்க அது நித்திரை கொள்ளோணும் அம்மா. கோல்ட் ரூமில, பன்னிரண்டு பாகையில, மார்ச் வரைக்கும். போன வருஷம் அப்பிடி விடாதபடியாத்தான் முட்டை வைக்கேல்லை. இந்த முறை விட்டா, ஏப்ரலில சிநேகிதன்ர ஆண்பாம்போட சேர்க்கலாம். யூனில முட்டை. ஓகஸ்டில குஞ்சு."

ஓகஸ்ட் என்றான். இந்த வருஷம் முழுக்க அவன் வாயில் வந்ததெல்லாம் அடுத்த கிழமை, அடுத்த ஊசிதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் பாம்பு என்ன, முதலைகூட வளர்ப்பேன்.

"வியாழக்கிழமை திண்டதுதான் கடைசி. இனிச் சாப்பாடு இல்லை" என்றான்.

"மார்ச் வரைக்குமோ? பட்டினி போட்டே ஒரு சீவனைப் படுக்க வைக்கிறது?"

கொஞ்சம் யோசித்தான். எனக்கு விளங்கவைக்க அவன் எப்போதும் ஒரு சொல் தேடவேண்டும். "விரதம் எண்டு நினையுங்கோ. உங்கட கந்தசஷ்டி மாதிரி."

அப்படிச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கேசரி மட்டும் கிண்டினேன். பாம்பைப் பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் விட்டுத் தராசில் வைக்கப் பழகினேன். 640 கிராம். இவர் கதவுக்கு வெளியே நின்று, "கவனம், கவனம்" என்று பஜனை பாடினார்.

நவம்பர் 13, திங்கள்

கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாளும் பின்னேரம் ஒரு கப் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். மிதுவுக்காக என்று நேர்ந்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பேர் விரதம். மற்றவர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், அவருக்குப் பாலும் இல்லை.

நவம்பர் 16, வியாழன்

தலை சுற்றுகிறது. பாம்பு என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. எனக்கும் பசிதான் என்று சொன்னேன்.

நவம்பர் 18, சனி

கோயிலில் சூரன் போர். கார் நிறுத்தும் இடத்தில், பனி தூறத் தூற, தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் வேட்டி கட்டிய ஆட்கள் சூரனைத் தூக்கி ஆட்டினார்கள். நான் கேட்டது ஒன்றுதான். என் பிள்ளை ஓகஸ்டைக் காணவேண்டும். வீட்டைக் கேட்கவில்லை, கலியாணத்தைக் கேட்கவில்லை, பேரப்பிள்ளையைக் கேட்கவில்லை. ஓகஸ்ட் மட்டும்.

நவம்பர் 19, ஞாயிறு

பாறணை. விடிய எழும்பித் தலைக்குத் தோய்ந்து, பச்சையரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயசம் எல்லாம் சமைத்துப் படைத்தேன். ஆறு நாள் இருந்த விரதம் ஏழாம் நாள் இந்தச் சாப்பாட்டோடுதான் முடிய வேண்டும். பாறணை இல்லாமல் விரதத்துக்குப் பலன் இல்லை என்று தெரியாத ஆள் யார்?

இவரும் மிதுவும் மேலே நித்திரை. விரதம் இருந்த இரண்டு பேருக்கும் பாறணை முடிந்தது.

மிது தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பான், விபரமாக எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஃப்ரீசரில் மீன் பெட்டிக்குப் பின்னால் பன்னிரண்டு எலி இருந்தது, இப்போது பதினொன்று. சுடுதண்ணியில் போட்டு இளகவைத்துத்தான் கொடுத்தேன், அவன் செய்கிற மாதிரியே. எடுக்குமா, எடுக்காதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்தால் முருகன் என் விரதத்தை ஏற்றுக்கொண்டார் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவருடைய மயிலின் காலடியில் இருப்பதும் ஒரு பாம்புதானே.

எடுத்தது. ஆசையாக எடுத்தது. நான் அழுதுவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

மிதுவை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். போகும்போது காருக்குள்ளிருந்து, "முறுக்கின்ர பெட்டிக்குக் கீழ இருக்கிற சூட்டுப் பாயை நிப்பாட்டிட்டீங்களோ?" என்று கேட்டான். நிறுத்திவிட்டேன் என்றேன். நிறுத்தியதுதான்.

நவம்பர் 25, சனி

அவன் சொன்ன நாள் கணக்குப்படி பெட்டியைக் கீழே கோல்ட் ரூமுக்கு இறக்கினோம். முன்படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன அறை, குளிர்காலத்தில் கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் வெங்காயச் சாக்கு, நடுவில் முறுக்கு. துணி போட்டு மூடினேன். தண்ணி வைத்தேன். தாலாட்டு ஒன்றும் பாடவில்லை, அதற்குள் இவர் வந்துவிட்டார்.

நவம்பர் 26, ஞாயிறு

நிறை: 663.

தராசை இரண்டு தரம் துடைத்து வைத்துப் பார்த்தேன். "திண்ணாத பாம்பு எப்பிடி இருபத்துமூண்டு கிராம் கூடும்?" என்றார் இவர். தராசு பழுது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவில் மிது ஒட்டிவைத்த இங்கிலிஷ் தாளை வாசித்தார். எனக்கு அதில் திகதிகள் மட்டும்தான் விளங்கும்.

"வயித்தில ஒண்டும் இருக்கக் கூடாதாம். குளிருக்குள்ள செமிக்காதாம். உள்ளுக்க கிடந்து அழுகி, பாம்பு செத்துப்போமாம். நல்ல காலம், பெடியன் நேரத்தோட நிப்பாட்டிட்டான்."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பேசாம நிக்கிறீர்?"

"வெங்காயம் முளைக்குது" என்றேன்.

மிது போன் எடுத்தான். 640 என்று சொன்னேன்.

நவம்பர் 29, புதன்

மச்சை ஏற்றினார்கள். இவருக்கு இடுப்பு நோ, படுத்திருக்கிறார். பை நிறையச் சிவப்பாகத் தொங்கியது. நான் ஏதோ பெரிய ஆப்பரேஷன் என்று நினைத்திருந்தேன், இரத்தம் ஏற்றுகிற மாதிரித்தான் இருந்தது. மிதுவின் வாயில் புண் தொடங்கிவிட்டது. "இனி அப்பா மாதிரிக் குறட்டை விடுவன் போல" என்றான்.

டிசம்பர் 3, ஞாயிறு

கோல்ட் ரூமைத் திறக்கவே மணத்தது. அரிசியும் இல்லை, வெங்காயமும் இல்லை. பெட்டிக்குள் முறுக்கு கக்கியிருந்தது, பாதி கரைந்த எலி. பக்கத்தில் அது வாயைக் கொஞ்சம் திறந்தபடி கிடந்தது.

இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "எங்கால வந்தது உது?"

"நான்தான் குடுத்தனான்."

"எப்ப?"

"பாறணையண்டு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தியிருப்பேன். "விசரே உமக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, படியில் இருந்துவிட்டார்.

எழுதிவைக்கிறேன், யாருக்குப் பயம்? போன ஞாயிறே எனக்கு விளங்கியது. அன்றே மேலே கொண்டுவந்து சூடு போட்டிருந்தால் அது செமித்திருக்கும். ஆனால் மிதுவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மச்சை ஏற்ற மூன்று நாள் இருக்கிற பிள்ளைக்கு இதையா சொல்வது? அதுவும் ஒரு சாட்டுத்தான். உண்மையில், அந்தப் பாறணை பிழை என்றால் என் விரதமும் பிழை. அதை என் வாயால் சொல்ல எனக்கு ஏலவில்லை. அதனால் ஒரு சீவனை எட்டு நாள் குளிருக்குள் விட்டேன்.

இவர் மிதுவுக்கு அடிக்கப் போனை எடுத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். "அவன் தண்ணி விழுங்க ஏலாமக் கிடக்கிறான். சொல்லாதேங்கோ."

போனை வைத்துவிட்டார். பெட்டியை நாங்கள் இருவருமாகத் தூக்கி மேலே கொண்டுவந்தோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஹீட்டர் காற்று வருகிற இடத்தில் வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஊர்வன பார்க்கிற மிருக டொக்டரிடம் கொண்டுபோனோம். இளம் பெட்டை, நல்ல மாதிரி. வயிற்றுக்குள் கிருமி பரவிவிட்டது, பிந்திவிட்டது, ஊசி போட்டுப் பார்ப்போம் என்றது. மூன்று நாளுக்கு ஒன்று, வீட்டில் நாங்களே போட வேண்டும். நான் ஊசி போட, கதிரைக்கு மேல் ஏறிய வீரர் தலையைப் பிடிக்கிறார். "நோகுது போல, கெதியாப் போடும்" என்று என்னைப் பேசுகிறார்.

டிசம்பர் 10, ஞாயிறு

உண்மை நிறை 611.

"எவ்வளவு அம்மா?" என்றான் மிது. குரல் கரகரவென்று இருந்தது.

640 என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளை ஆசையாகக் கேட்கிறான், இரண்டு கூட்டிச் சொன்னால் என்ன? "642" என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "சூப்பர்" என்றான்.

அவனுடைய இரத்தத்தில் வெள்ளை அணு சைபரிலிருந்து ஏற வேண்டுமாம். அப்பாவினுடையது பிடித்துக்கொண்டால் ஏறும். ஒன்றைத் தாண்டினால் வீட்டுக்கு விடுவார்களாம். "உன்ர எவ்வளவு?" என்றேன். அவனும் கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னான். "பொயின்ட் வன்."

ஏறத் தொடங்கிவிட்டது! கொப்பியில் முறுக்கின் எண்ணுக்குப் பக்கத்தில் அவனுடைய எண்ணையும் எழுதினேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மிதுவுக்குச் சொன்னது: 645. மிது சொன்னது: 0.2.

டிசம்பர் 20, புதன்

டொக்டர் இவரைத் தனியக் கூப்பிட்டாராம். மச்சை கொடுத்த ஆள் என்றபடியால் இடுப்பு நோவைப் பற்றிக் கேட்டாராம். அதற்கு ஒரு மணித்தியாலமா? திரும்பி வந்தவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். ஜன்னலால் பார்த்தேன். இறங்குகிற மாதிரி இல்லை. ரேடியோ கேட்டாராம். இந்தக் குளிரில், இஞ்சினையும் நிறுத்திவிட்டு, ரேடியோ கேட்கிற மனுசன்! சாப்பாடு ஆறிப்போனதற்கு நன்றாகப் பேச்சு வாங்கினார்.

டிசம்பர் 24, ஞாயிறு

மிதுவுக்குச் சொன்னது: 649. மிது சொன்னது: 0.4.

உண்மை நிறை 588. முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. நேர்ஸ் மிதுவின் மொட்டைத் தலைக்குச் சிவப்புத் தொப்பி போட்டுப் படம் அனுப்பினார். சிரிக்கிறான். கழுத்து எலும்பு தெரிகிறது, வெளிச்சத்தினால் இருக்கலாம்.

டிசம்பர் 31, ஞாயிறு

653. 0.5.

ஜனவரி 7, ஞாயிறு

முறுக்கு காலையில் செத்துக் கிடந்தது.

ஜனவரி 8, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை. நித்திரையாக இருக்கும் என்று மத்தியானம் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குளிரில் இருக்கிற பாம்பு செத்த மாதிரித்தான் கிடக்கும் என்று மிது சொல்லியிருந்தான். ஆனால் இது குளிரில் இல்லை, சூட்டில் இருந்தது.

என் நூல் சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றினேன். பின்வளவில் குழி தோண்ட இவர் மண்வெட்டியோடு போனார். மண் சீமெந்து மாதிரி, ஒரு கை அகலம்கூட இறங்கவில்லை. பத்து நிமிஷம் வெட்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எறிந்தார். அப்படி எறிகிற ஆள் இல்லை அவர். கராஜில் வைத்திருக்கிறோம், அங்கே உறைந்துதான் இருக்கும். மண் இளகட்டும்.

"மிதுவுக்கு?" என்று கேட்டார்.

"சொல்லுறேல்லை" என்றேன்.

"அவன் கேப்பான்."

"கேட்டா நிறையைச் சொல்லுவன்."

இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஜனவரி 14, ஞாயிறு

656. 0.7.

செத்த பாம்புக்கு நிறை சொல்வது முதல் தரம் கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கவில்லை. அடுப்பைக் குறைத்து வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 27, சனி

மிதுவிடம் போனேன். கை முழுக்க நீலம் நீலமாகக் கண்டல். தினமும் இரத்தம் ஏற்றுகிறார்கள், சாப்பாடு குழாயால் போகிறது. 0.8 இருக்கிற பிள்ளைக்கு ஏன் இவ்வளவு ஏற்ற வேண்டும் என்று நேர்ஸிடம் கேட்க எனக்கு இங்கிலிஷ் போதும். கேட்கவில்லை. நான் ஒன்று கேட்டால், அவன் முறுக்கை வீடியோவில் காட்டச் சொல்லிக் கேட்பான்.

ஆனால் அவன் அதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்.

பெப்ரவரி 4, ஞாயிறு

663. 0.9.

இந்த 663ஐச் சொல்லிவிட்டுப் பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு எலியோடு சேர்ந்து இருந்த நிறையும் இதுதான். வாய் கூசியது.

பெப்ரவரி 11, ஞாயிறு

666. இன்னும் 0.9தானாம்.

"ஒண்டைத் தாண்டினா விடுவினம் எண்டனி" என்றேன். "ஓம் அம்மா, கிட்ட வந்திட்டுது" என்றான். மூச்சு வாங்கினான். "அம்மா, வெளியில பனி கொட்டுதோ?" கொட்டுகிறது என்றேன். "கோல்ட் ரூமில எத்தினை பாகை?" பன்னிரண்டு என்றேன். பார்க்கவே இல்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய ஜன்னல், தூரத்தில் வாவி தெரிகிறது. இனி மாஸ்க் வேண்டாமாம். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாமாம், எந்த நேரமும் வரலாமாம், எனக்குப் படுக்கக் கட்டில்கூடத் தந்தார்கள். குழாய்களில் பாதியைக் கழற்றியும் விட்டார்கள். நல்ல முன்னேற்றம் என்று இவரிடம் சொன்னேன். "ஓம்" என்றார். ஜன்னலுக்குப் போய் நின்று வாவியைப் பார்த்தார். நான் மிதுவின் சாமான்களை அலுமாரியில் அடுக்கினேன். அடுக்கி முடித்துவிட்டுத் திரும்பவும் எடுத்து அடுக்கினேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பின்னேரம் மிது கண்ணைத் திறந்து, "இண்டைக்கு ஞாயிறு என்ன? முறுக்கு எவ்வளவு?" என்றான்.

"670" என்றேன். பழகிவிட்டது.

சிரித்தான். சிரித்தால் இருமல் வரும், வந்தது. இவர் முதுகைத் தடவிவிட்டார். இருமி முடிந்ததும், "நித்திரை கொள்ளுற பாம்புக்கு நிறை ஏறாது அம்மா" என்றான். "ஒரு கிழமையும் ஏறாது. கொஞ்சம் இறங்கும், இல்லாட்டி அப்பிடியே நிக்கும்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"642 எண்டு சொன்னீங்களே, அண்டைக்கு."

"பேந்து ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் எவ்வளவு சந்தோசமாச் சொன்னீங்கள்." கொஞ்சம் மூச்சு எடுத்தான். "அதைக் கேட்டாப்போல நானும் பொயின்ட் வன் எண்டு சொன்னனான்."

நான் கொப்பியைப் பார்த்தேன். முறுக்கின் எண்ணும் அவன் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக ஏறிக்கொண்டு போகின்றன.

"அப்ப அது எவ்வளவு?"

"சைபர் அம்மா. ஒருநாளும் ஏறேல்லை. பழைய வருத்தம் திரும்பி வந்திட்டுது."

"என்ர மச்சை பிடிக்கேல்லையாம்" என்றார் இவர், வாவியைப் பார்த்தபடி. "டிசம்பரிலயே சொன்னவை. உம்மட்டச் சொல்ல வேண்டாம் எண்டு இவன்தான்..."

ரேடியோ கேட்டாராம்.

யாரை ஏசுவது என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் ஏசத்தான் எழும்பினேன். நான் செய்ததைத்தானே அவர்களும் செய்திருக்கிறார்கள். திரும்ப இருந்துவிட்டேன்.

"முறுக்கு எப்ப செத்தது?" என்றான் மிது.

"ஜனவரி ஏழாம் திகதி."

"ஏன்?"

சொன்னேன். ஆறு நாள் விரதம், பன்னிரண்டில் ஒரு எலி, சுடுதண்ணி, நான் வைத்துக்கொண்ட சகுனம், வெங்காயம் முளைக்கிறது என்று சொன்ன பொய் எல்லாம் சொன்னேன். "உன்ர பாம்பை நான்தான் கொண்டன் மிது" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "விரதம் எண்டு நான்தானே சொன்னனான்" என்றான். "உங்களுக்கு அப்பிடிச் சொன்னா, பேந்து பாறணையும் இருக்குமெண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

"நீ ஒண்டும் பிழை செய்யேல்லை."

"ஆசையாத் திண்டதோ?"

"ஓம். ஒரே பாய்ச்சல்."

"அப்ப சரி" என்றான். கண்ணை மூடினான். நித்திரை என்று நினைத்தேன். மூடியபடியே, "எனக்கும் அந்தப் பாறணைச் சாப்பாடு தாங்கோ அம்மா" என்றான். "மூண்டு மாதமாக் குழாயாலதானே. நானும் விரதம்தான்."

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு விளங்கியது.

பெப்ரவரி 27, செவ்வாய்

விடிய வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன். தோய்ந்துவிட்டுத்தான் சமைத்தேன். பச்சையரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். அரிசி எடுக்கக் கோல்ட் ரூமுக்குள் போனேன். நடுவில் பெட்டி வைத்த இடம் வெறுமையாகக் கிடந்தது. வெங்காயம் எல்லாம் முளைத்துப் பச்சையாக நிற்கிறது.

படைக்கவில்லை. முருகனுக்கு முன்னால் நின்றேன், கேட்க ஒன்றும் இல்லை. கோபம் என்றுகூடச் சொல்ல ஏலாது. மூடிகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நேர்ஸிடம் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன், கொடுக்கலாமா என்று. அவர் என் கையைப் பிடித்து, மகன் விரும்பியதைக் கொடுங்கள் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும்.

குழைத்து, குருவிக்கு ஊட்டுகிற அளவில் வாயில் வைத்தேன். மூன்று வாய் சாப்பிட்டான். மெதுவாக மென்றான். "உப்பில்லை" என்றான். நான் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். உண்மைதான், பருப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். மிச்சத்தை இவர் சாப்பிட்டார். உப்பில்லாமலே முழுவதையும் சாப்பிட்டார்.

மார்ச் 1, வெள்ளி

கோல்ட் ரூம் கதவில் மிது ஒட்டிய தாளை இவர் கழற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. அதில் கடைசி வரியில் இன்றைய திகதிதான் இருக்கிறது. இன்றையிலிருந்து சூடு போட வேண்டுமாம், ஒரேயடியாக இல்லை, மெல்ல மெல்ல.

மிது காலையிலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சு வருகிறது, நிற்கிறது, வருகிறது. பாதம் இரண்டும் சில்லிட்டிருந்தது. கோல்ட் ரூமின் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. நேர்ஸ் சுடவைத்த கம்பளி கொண்டுவந்து போட்டார். இவர் கம்பளிக்குள் கையை விட்டு ஒரு காலைப் பிடித்தார். நான் மற்றதைப் பிடித்தேன். தேய்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் நேர்ஸ் வந்து போதும் என்று சொல்லிப் பார்த்தார். நாங்கள் விடவில்லை.

பின்னேரம் வரைக்கும் தேய்த்தோம். சூடு வரவில்லை.